வேளைக்காரர் மறுத்த கடற்செலவு: சூளவமிசக் கூற்று ஒன்றின் திறனாய்வு

போர்ச் செய்தி கூறும் நூல்கள் வென்றவனைப் பாடும். வீழ்ந்தவனையும் ஒரோவழிப் பாடும். ஆயின், போருக்குச் செல்க என யார் தெரிந்தெடுக்கப்பட்டனர், எம்முறையால் தெரிந்தெடுக்கப்பட்டனர், அவர்தம் மனநிலை யாது என்பனவற்றை அவை கூறுதல் அரிது. நிலவழிச் செல்லும் படையைப் பற்றியே இந்நிலையாயின், கடல் கடந்து செல்லும் படையைப் பற்றிக் கேட்பானேன்? முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் அவன் கடலில் கலஞ்செலுத்திக் கடாரம் முதலாய பல ஊர்களைக் கொண்ட வரலாற்றை நிரல்படக் கூறுகின்றது. ஊர்களின் பெயரும் அவற்றின் அகழியும் மதிலும் பொழிலும் அங்கே அடைபெற்று நிற்கின்றன. அக்கலங்களில் ஏறியவர் எவர் என்பதற்கோ ஒரு சொல்லும் இல்லை.

இப்பொதுவிதிக்குப் புறனடையாக அமைந்தது ஈழநாட்டுப் பாளிநூலாகிய சூளவமிசத்தின் அறுபதாம் அதிகாரத்துக் காணப்படும் ஒரு செய்தி. கடல் கடந்து செல்லுமாறு பணிக்கப்பட்ட படையொன்று செல்ல மறுத்தது என்பதே அது. மறுத்தோர் வேளைக்காரர், பணித்தோன் முதலாம் விசயபாகு. இச்செய்தி பிற்கால வரலாற்றாசிரியராற் பலகாலும் எடுத்தாளப்பட்டதாயினும், நூலாசிரியர் கூறியது எவ்வளவு, படித்தோர் தாமே கூட்டிக்கொண்டது எவ்வளவு என்பது செவ்வனே பிரித்துணரப்படவில்லை. அதனைப் பிரித்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் செய்தியைச் சுருங்கக் கூறுவாம். 1017ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தன் சோழராற் சிறைகொள்ளப்பட்டபின், பொலன்னறுவை சனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழராட்சியின் தலைநகராய் விளங்கிற்று. 1055இல் ஆட்சியாண்டு தொடங்கிய விசயபாகு, நெடுநாட் போரின் பின்னர் 1070இல் அந்நகரைக் கைப்பற்றினான். அக்காலத்துச் சோழ அரியணையில் அமர்ந்தோன் முதற் குலோத்துங்கன். விசயபாகு கருநாடக வேந்தனுக்குப் பரிசிலுடன் விடுத்த தூதரைச் சோழநாட்டார் பிடித்து மூக்கும் காதும் அரிந்து விடுத்தனர் எனச் சூளவமிசம் கூறும். சினங்கொண்ட வேந்தன் தன்பால் இருந்த தமிழ்த் தூதருக்குப் பெண்ணுடை அணிவித்துப் போர்க்கறைகூவலுடன் அனுப்பினான். பின்னர்ப் படைத்தலைவர் இருவரை மட்டிகாவாடதீர்த்தம், மகாதீர்த்தம் என்னும் துறைகளுக்கு ஏவி, கலங்களும் உணவும் திரட்டிச் சோழநாட்டுக்குச் செல்லுமாறு பணித்தான். அவன் ஆட்சியின் முப்பதாம் ஆண்டில், அஃதாவது 1085ஐ ஒட்டி, இது நிகழ்ந்தது. அப்போது வேளைக்காரப் படை அங்குச் செல்ல விரும்பாது கிளர்ந்தெழுந்தது. படைத்தலைவர் இருவரும் கொல்லப்பட்டனர். பொலன்னறுவையில் அரண்மனை தீக்கிரையாயிற்று. வேந்தனின் தங்கை மித்தையும் அவள் புதல்வர் மூவரும் சிறைபிடிக்கப்பட்டனர். வேந்தன் தென்னாட்டுக்கு ஒதுங்கி, அரும்பொருள்களை வாதகிரியிற் காவலில் வைத்து, உபராசனாகிய வீரபாகுவொடு மீண்டு வந்து கிளர்ச்சியை அடக்கினான். கிளர்ச்சித் தலைவர்கள் கைகள் பின்கட்டாகக் கட்டப்பட்டு, கொலையுண்ட படைத்தலைவரின் ஈமத்தீயருகே பிணிக்கப்பட்டு எரியூட்டப்பட்டனர். பதினைந்தாண்டு கழித்து, நாற்பத்தைந்தாம் ஆட்சியாண்டில், வேந்தன் தானே படையொடு துறைமுகம் சென்று சோழன் வரவை நோக்கி இருந்து, அவன் வாராமையால் மீண்டான்.

இச்செய்தியில் முதலாவதாக நோக்கற்பாலது காரணங் கூறும் முறையாகும். வேளைக்காரர் ஏன் கிளர்ந்தனர் என்பதற்கு நூலாசிரியர் தரும் விடை, அவர் அங்குச் செல்ல விரும்பவில்லை என்பதே. விரும்பாமைக்கு உரிய ஏதுவை அவர் விரித்தாரல்லர். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர், தம் இனத்தவராகிய சோழருக்கு எதிராக வாளெடுக்க வேளைக்காரர் உடன்படவில்லை என ஓர் ஏதுவைப் பொருத்தினர். இதனைச் சிலர் புகழ்ச்சியாகவும் சிலர் பழிப்பாகவும் எடுத்துக்கொண்டனர். ஒருசாராருக்கு வேளைக்காரர் இனப்பற்றின் சின்னமாயினர். மற்றொருசாராருக்கு நம்பத்தகாத அயலாராயினர். இருசாராரும் நிற்பது நூலில் இல்லாத ஒரு சொல்லின் மேலேயாம்.

இனப்பற்று என்னும் அவ்வேது பொருந்துமா எனின், அதனை ஐயுறுதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. விசயபாகுவின் காலத்தின் பின்னர்ப் பொலன்னறுவையில் வேளைக்காரர் பொறித்த தமிழ்க்கல்வெட்டு, அப்படையில் அடங்கிய பிரிவுகளைப் பெயர்சுட்டிக் கூறுகின்றது. வலங்கையும் இடங்கையும் சிறுதனமும் பிள்ளைகள்தனமும் அங்கே உள. அவற்றோடு வடுகரும் மலையாளரும் உளர். பலநாட்டு மக்கள் ஒரு தொழிலால் ஒன்றுகூடிய படை அது. வடுகனுக்கும் மலையாளனுக்கும் சோழவேந்தன் எவ்வகையில் உறவினன்? மேலும், விசயபாகுவிடம் ஊழியஞ்செய்த வேளைக்காரர் ஈழத்தில் நிலைகொண்டு வாழ்ந்தோராவர். கூலிப்படைஞன் தன் இனத்தவனை எதிர்த்துப் பொருதல் அக்காலத்துப் புதுமையன்று. சேர சோழ பாண்டியர் ஒருவரோடொருவர் பொருத போர்களெல்லாம் அத்தகையனவே. ஆகவே இனம் என்பது ஓர் ஏதுவாயிருத்தல் கூடுமேயன்றி, அதுவே முழுவேதுவாதல் இயலாது.

இனி, வேளைக்காரர் என்னும் பெயரையே நோக்குவாம். வேலைக்காரர் என்பதன் திரிபெனக் கொண்டு பணிசெய்வோர் எனப் பொருளுரைத்தாரும் உளர். வேந்தனுக்கு இடையூறு நேர்ந்த வேளையில் உயிரைக் கொடுத்துக் காப்பதாகச் சூளுற்றவர் என்பதே அறிஞர் பலர்க்கும் உடன்பாடான பொருள். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் தெரிந்த வலங்கை வேளைக்காரர், தெரிந்த பரிவாரத்தார், தெரிந்த வில்லிகள் எனப் படைப்பிரிவுகள் பல குறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் முன்னே வேந்தனின் பட்டப்பெயர்கள் அடையாக நிற்கும். தெரிந்த என்னும் சொல் ஈண்டு அறிந்த எனப் பொருள்படாது. தெரிந்தெடுக்கப்பெற்ற எனப் பொருள்படும். படைக்கு ஆள் தெரிதல் என்பது சோழர் ஆட்சியில் ஒரு முறைமையாய் இருந்தது என்பதும், தெரிவு பெற்றமை பெயரொடு சேர்த்துச் சொல்லத்தக்க பெருமையாய் இருந்தது என்பதும் இவ்வொரு சொல்லால் விளங்கும். மெய்க்கீர்த்தி மறைத்ததைக் கோயிற்சுவரின் கணக்கு வெளியிடுகின்றது என்க. தெரிவு எக்கடமைக்கு என்பதே இங்கு எழும் வினா. வேந்தனின் உடலைக் காக்கத் தெரியப்பட்டவன், அவ்வேந்தனைக் கரையில் விட்டுக் கடல் கடத்தல் தான் செய்த சூளின்பாற்படுமா?

அரசியல் நூலார் இவ்வினாவை முன்னரே எண்ணினர். படைமாட்சி என்னும் அதிகாரத்துக்கு உரைகண்ட பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகையாக்கி, அவற்றுள் தலைசிறந்தது மூலப்படையே என்பர். கௌடிலியரின் அருத்தசாத்திரம் ஒருபடி மேற்சென்று, எவ்வகைப் படையை எக்காலத்துச் செலவுக்கு எடுத்தல் வேண்டும் என ஒன்பதாம் பகுதியில் வகுத்துரைக்கும். வழி நெடிதாயினும் காலம் நெடிதாயினும் இழப்பையும் செலவையும் தாங்கவல்ல மூலப்படையே செல்லத்தக்கது. செல்லும் நாடு அணித்தாயும் காலம் குறுகியதாயும் இழப்புச் சிறிதாயும் உள்ளவழியே கூலிப்படை செல்லத்தக்கது என்பது அந்நூலின் துணிபு. இதன் பொருள் ஆழமானது. வாழையடி வாழையாக வந்தவனுக்குத் திரும்பிவர ஒரு நாடும், தான் இறப்பின் தன் மக்களைக் காக்கும் ஓர் அரசும் உண்டு. கூலி பெறுவோனுக்கு உடன்படிக்கை ஒன்றே உண்டு. அவ்வுடன்படிக்கையின் எல்லையைக் கடத்துவோன் அதன் பயனை இழப்பான். விசயபாகு கடற்செலவுக்கு ஏவிய படையில் வேளைக்காரரைச் சேர்த்தமை இவ்விதிக்கு மாறாயிற்று. அவன் தோல்வி போர்க்களத்தில் நேர்ந்ததன்று, தெரிவில் நேர்ந்தது.

நாற்பத்தைந்தாம் ஆட்சியாண்டில் அவன் நடந்துகொண்ட முறையும் இக்கருத்தை அரண்செய்யும். அம்முறை தூதுவிட்டோ தலைவரை ஏவியோ அமையாது, தானே படைமுன் சென்று துறையில் நின்றான். காக்கப்பட வேண்டிய உடல் படையொடு நிற்குமாயின், காப்பேன் என்று சூளுற்றோன் பின்னிற்க ஏதுவில்லை. இவ்விரு செலவுகளுக்கும் இடைப்பட்ட வேற்றுமையை நூலாசிரியர் விளக்கினாரல்லர். நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்தமையால் கற்போர்க்கு அது தானே புலனாகின்றது.

இனி நூலாசிரியரின் நிலையையும் நோக்குதல் வேண்டும். சூளவமிசத்தின் இப்பகுதி தம்மகித்தி என்னும் தேரராற் செய்யப்பட்டது என்பது மரபு. செருமானிய அறிஞராகிய கைகர் இந்நூலைப் பதிப்பித்து மொழிபெயர்த்தவர். இப்பகுதியின் தலைவன் முதலாம் பராக்கிரமபாகு. கிளர்ச்சியிற் சிறைப்பட்ட மித்தையின் புதல்வர் மூவருள் ஒருவனாகிய மானாபரணனே அப்பராக்கிரமபாகுவின் தந்தை. எனவே வேளைக்காரர் கைப்பட்ட சிறுவருள் ஒருவன் காவியத் தலைவனைப் பெற்றவன். அவனைச் சிறைப்பிடித்தோரை ஆசிரியர் நடுநின்று நோக்குவார் என எதிர்பார்த்தல் பொருந்தாது. அங்ஙனமிருந்தும், மறுப்பின் ஏது விருப்பமின்மையே என்று அவர் எழுதிவிட்டமை அவர்தம் நேர்மைக்குச் சான்று. பேராசை, கையூட்டு, பகைவன் சூழ்ச்சி என ஏதேனும் ஒன்றை ஏற்றிக் கூறுதல் அவருக்கு எளிதாயிருந்திருக்கும்.

இதே நூல் எழுபத்தாறாம் அதிகாரத்தில் வேறொரு கடற்செலவைக் கூறும். பராக்கிரமபாகு 1165ஐ ஒட்டி இராமஞ்ஞ தேயத்தின் மேல், அஃதாவது பர்மாவின் மேல், படைவிடுத்த செய்தி அது. ஐந்து திங்களிற் கலங்கள் அமைந்தன. ஓராண்டுக்கு வேண்டிய அரிசியும், படைக்கலங்களும், நச்சம்புப் புண்ணுக்கு மருந்தும், மருத்துவரும், நோயாளரைப் பேணும் மகளிரும் கலமேறினர். இவ்வளவு விரிவாய்ப் பொருட்டிரட்டைக் கூறும் ஆசிரியர், ஆட்டிரட்டைக் கூறினாரல்லர். செலவுக்கு யார் தலைமை தாங்குவர் என வேந்தன் வினவியபோது, தமிழதிகாரி ஆதித்தன் என்பான் அடிபணிந்து தானே முன்வந்தான் என்று மட்டும் கூறி அமைகின்றார். ஆதித்தனின் விருப்பம் பாட்டாயிற்று. அவன்பின் கலமேறிய எண்ணற்றோரின் விருப்பம் கேட்கப்படவும் இல்லை, எழுதப்படவும் இல்லை.

இது பாளிநூலுக்கே உரிய குறையன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலும் இம்மரபே காணப்படும். கலிங்கவேந்தன் திறைகொடாமை கேட்டுக் குலோத்துங்கன் வெகுண்டபோது, கருணாகரத் தொண்டைமான் தானே சென்று வென்று வருவதாக விடைகொள்கின்றான். வேளைக்காரர் எவன் நாட்டின்மேற் செல்ல மறுத்தனரோ, அவனே இப்பரணியின் பாட்டுடைத் தலைவன் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. இருவேறு அரசர் படைகளைப் பற்றி இருவேறு மொழிகளில் எழுந்த நூல்கள் இரண்டிலும், முன்வருதல் தலைவனின் உரிமையாகவும், பின்செல்லுதல் படைஞனின் இயல்பாகவும் கொள்ளப்பட்டன. பின்செல்லாதபோதுதான் படைஞன் நூலுள் இடம்பெறுகின்றான். கீழ்ப்படிந்தோர் பெயரின்றி மறைந்தனர். மறுத்தோர் நெருப்பின் வெளிச்சத்திற் காணப்பட்டனர்.

சோழர் இதனின் வேறாயதொரு தெரிவையும் கையாண்டனர். பராக்கிரமபாகு மீண்டும் படையெடுக்கக் கருதி ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் என்னும் இடங்களிற் கலங்களைக் கட்டிப் படைதிரட்டினான் என்றும், அதனைத் தடுக்க அவன் மருமகனும் சோழரிடம் புகலடைந்திருந்தவனுமாகிய சீவல்லபன் படையொடு அனுப்பப்பட்டான் என்றும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுக் கூறும். கடலுக்கு அப்பாலுள்ள நாட்டுக்கு அந்நாட்டு உரிமை வேண்டி நிற்போனையே தெரிந்தனுப்பியமை நுண்ணிய அரசியல். பளைக்கும் ஆனையிறவுக்கும் தெற்கே விரியும் வன்னிப் பெருநிலத்தின் மேலைக்கரையில் மாதோட்டம் உளது. வடமேற்கே வலிகாமமும் ஊர்காவற்றுறையும் உள. பச்சிலைப்பள்ளி மாணவன் ஒருவன் நாளும் கேட்கும் ஊர்ப்பெயர்கள் இக்கடற்போர் வரலாற்றின் பெயர்களாயிருத்தல் எண்ணத்தக்கது.

வேளைக்காரரை அளக்கத் தமிழிலக்கியம் தரும் கோல் இரண்டு. ஒன்று செஞ்சோற்றுக்கடன், மற்றொன்று மூதின்முல்லை. செஞ்சோற்றுக்கடனுக்குக் கன்னனைக் காட்டுவர். மூதின்முல்லைக்கு ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டைக் காட்டுவர். முன்னைநாட் போர்களில் தமையனையும் கணவனையும் இழந்த மறக்குடிப் பெண்ணொருத்தி, தன் ஒரே மகனை வேல்கொடுத்துக் களத்துக்கு விடுக்கும் பாட்டு அது. இவ்விரு கோல்களாலும் அளப்பின் வேளைக்காரர் தாழ்வர் என்பதில் ஐயமில்லை. ஆயின் கோல்கள் தாம் எதனை அளப்பன என்பதும் ஆராயத்தக்கது. கன்னன் தன் தோழன் தன்மேல் வைத்த அன்புக்கு உயிர்கொடுத்தான்; அது அவன் தானே தெரிந்த தெரிவு. மாசாத்தியார் பாட்டில் விடுப்பவள் தாய். விடுக்கப்படுவோன் விளையாட்டுப் பருவத்துச் சிறுவன். அவன் வாய்திறந்து யாதும் கூறுவதில்லை. பாட்டின் பெருமை தாயின் உறுதியில் மட்டும் இல்லை. அச்சிறுவனின் மௌனத்திலும் உண்டு. அம்மௌனத்தைக் கேளாது பாட்டைப் பாராட்டுவோர் அதனைப் பாதியே கற்றோராவர்.

இக்கூற்றின் உண்மையை ஏட்டிற் கற்காது வாழ்விற் கற்ற நிலம் வன்னி. ஆனையிறவும் பளையும் 2000 ஏப்ரலிலும் 2009 சனவரியிலும் போரிற் கைமாறின. அப்போரின் இறுதியாண்டுகளில் வன்னிக் குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஒருவர் எனக் கட்டாயமாக ஆட்சேர்க்கப்பட்டனர். புறநானூற்றுத் தாய் தானே விடுத்தாள். இத்தாயரிற் பலர் ஒளித்து வைத்தனர். இவரை மறம் குன்றியவர் எனச் சொல்லத் துணிவார் எவருமிலர். ஆகவே, பாட்டிற்கண்ட தாயை அளவுகோலாக்கி வாழ்விற்கண்ட தாயை அளத்தல் இலக்கியக் கல்வியின் பயனன்று.

எனினும் மறுப்பு என்பதாலேயே ஒரு செயல் அறமாகிவிடாது. வேளைக்காரர் செல்ல மறுத்ததோடு அமைந்தாரல்லர். ஏவிய வேந்தனை விட்டு, ஏவல் பெற்ற தலைவர் இருவரைக் கொன்றனர். போருக்குத் தொடர்பில்லாத பெண்ணையும் சிறுவரையும் சிறைசெய்தனர். தம் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுசெல்லப்படுவதை வெறுத்தோர், பிறரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்துச் சென்றனர். நூலாசிரியர் அவர்மேல் ஏற்றும் பழியில் இப்பகுதி மறுக்கவொண்ணாதது. அதுபோன்றே, தலைவரை உயிரொடு எரித்த தண்டமும் நூலாசிரியர் கருதுவதுபோல நீதியின் நிறைவு அன்று; தெரிவிற் பிழைத்த அரசு தன் பிழையை மறைக்க மூட்டிய தீயெனவும் அதனைக் கொள்ளலாம்.

பிற்கால வரலாறும் இவ்வியல்பையே காட்டுகின்றது. 1824 நவம்பரில் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில், பர்மியப் போருக்குச் செல்ல மறுத்த வங்காளச் சிப்பாய்கள் பீரங்கியாற் சுடப்பட்டனர். அக்காலத்து வங்காளப் படையிற் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் கடல் கடக்கக் கட்டுப்பட்டவரல்லர். 1856இல் ஆங்கில ஆட்சி சட்டமொன்று இயற்றி, புதிதாய்ச் சேர்வோர் யாவரும் எங்கும் செல்லக் கடமைப்பட்டவர் என ஆக்கிற்று. அடுத்த ஆண்டே பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதற்குரிய ஏதுக்களுள் இச்சட்டமும் ஒன்றென்பர். சென்னைச் சிப்பாய்களோ கடற்செலவுக்குப் பெரிதும் உடன்பட்டோர். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பெற்ற ஆங்கிலப் படையில் அவரும் இருந்தனர். 1942 மே மாதத்தில், கொக்கோசுத் தீவுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பீரங்கிப் படைஞர் சிலர் தம் அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தனர். அவருள் மூவர் அவ்வாண்டு ஆகத்தில் தூக்கிலிடப்பட்டனர். தாமாகப் படையிற் சேர்ந்தோரும் தொலைதீவில் தம் உடன்பாட்டின் எல்லையை உணர்ந்தமைக்கு இது சான்று.

இறுதியாக, பொலன்னறுவைக் கல்வெட்டுக்கு மீள்வாம். விசயபாகுவின் பணிப்பால் எடுக்கப்பட்ட தந்ததாதுக் கோயிலை அவன் காலத்தின் பின் காக்கும் பொறுப்பு, தேரராலும் அமைச்சராலும் வேளைக்காரரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் ஒன்றுகூடி அதனை ஏற்று, தம் குலம் உள்ளவரை காப்பதாகத் தமிழிற் சூளுரைத்துக் கல்லிற் பொறித்தனர். வேந்தனின் நகரில் அரண்மனையை எரித்த படையின் வழிவந்தோரிடம் அந்நகரின் தலையாய புனிதப்பொருள் ஒப்புவிக்கப்பட்டது என்றால், அக்காலத்தார் அவரை நம்பத்தகாதோர் எனக் கருதவில்லை என்பது வெளிப்படை. முன்னையதில் அவர் ஏவப்பட்டனர்; பின்னையதில் அவர் வேண்டப்பட்டு உடன்பட்டனர். ஏவலுக்கும் உடன்பாட்டுக்கும் உள்ள இவ்வேற்றுமையே இருவேறு நடத்தைக்கும் ஏதுவாம்.

சூளவமிசத்து அவ்வதிகாரத்தைக் கற்போர், வேளைக்காரரை இனவீரராகவோ இரண்டகராகவோ கொள்ளும் பழைய வழக்கை விடுத்தல் வேண்டும். அனுப்பப்படுவோனிடம் உடன்பாடு கேட்கப்பட்டதா என்னும் வினாவை எழுப்பிய செய்தியாகவே அதனைக் கொள்ளுதல் தகும். கல்லெழுத்தும் காவியமும் பரணியும் விடைகூறாது விட்ட அவ்வினாவை, ஒரு தேரரின் எழுதுகோல் தன்னை அறியாமலே பதித்துவைத்தது.